லோவ்ரே திருப்பிக் கொடுத்த கோல்

‘தீவுக் குரல்’ வார இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்குப் படகுக்காரன் ஷிமே பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு நலம்; தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாயிருக்க அந்தோனியாரை வேண்டுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லத் தபாலாபீஸ் தோன்கா எழுதுகிறாள்.

தங்கள் இதழில் வந்த அந்த ஆட்டம் நடந்தது ஒலிவ மரங்களெல்லாம் பனியில் கருகிய வருஷம். மத்தி மீன் ஆலைக்குப் புதுச் சங்கு வந்ததும், பாதிரியார் மோட்டார் சைக்கிளோடு துறைமுகத்தில் விழுந்ததும் அதே வருஷம்தான். தாங்கள் வேறு ஏதோ வருஷம் போட்டிருக்கிறீர்கள், அதைக்கூட மன்னிக்கலாம். செத்து ஒன்பது நாள் ஆகாத எங்கள் கால்பந்து கேப்டன் லோவ்ரேயை ‘மாமனார் ஊருக்குக் கோலைத் தானம் பண்ணிய மாப்பிள்ளை’ என்று எழுதினீர்களே, அதை எப்படி மன்னிப்பது?

நடந்தது இதுதான் ஐயா, எங்கள் மைதானம் கடலோரம், ஒரு கோலுக்குப் பின்னால் தண்ணீர், வெளியே போகும் பந்தை எடுத்துவர என்னைப் படகில் உட்கார வைத்திருந்தார்கள், பதினோரு வருஷம் அவன் கேப்டன், பதினோரு வருஷம் நான் படகு, அந்த வருஷக் கடைசி ஆட்டம் அக்கரைச் சுஹோவாரா அணியோடு, அது அவன் மனைவி லூச்சேயின் ஊர், ஜெயித்தால் நாங்கள் மேல் பிரிவுக்குப் போவோம், முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாடைக்காற்று என் பக்கத்துக் கோல் வலையைப் பிய்த்துக்கொண்டு போனது, நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை, ஆடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டார், (“மாமா, கொஞ்சம் மூச்சு விடுங்க, நான் ஒரு புள்ளியாவது வச்சுக்கறேன்” என்கிறாள் தோன்கா) கடைசி நிமிஷத்தில் எங்கள் முன்வரிசைப் பையன் ஃப்ரானே அடித்த பந்து கம்பத்தை ஒட்டிப் பறந்து நேரே கடலில் விழுந்தது.

ஊரே துள்ளியது. கண்ணில் மணல் விழுந்திருந்த நடுவர் ஒன்றையும் பார்க்கவில்லை. லோவ்ரே பொய் பேசமாட்டான் என்று ஏழு தீவிலும் பேச்சு. அவனையே கூப்பிட்டார்.

“கேப்டன், நீயே சொல்லு. உள்ளயா, வெளியயா?”

லோவ்ரே கடல் பக்கம் பார்த்தான். “வெளிய.”

ஃப்ரானே அவன் சட்டையைப் பிடித்தான். “உன்னைப் போயி அண்ணேன்னு கூப்பிட்டேனே! கண்ணை மாமியார் வீட்ல கழட்டி வச்சிட்டு வந்தியா? அது என் கோலுடா!”

மேல் பிரிவு போயிற்று. அடுத்த மாதமே ஃப்ரானே சிலிக்குக் கப்பலேறினான். லோவ்ரே கேப்டன் பட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு மத்தி ஆலையில் டப்பா மூடப் போனான். அப்புறம் அவன் பந்தைத் தொடவில்லை. லூச்சே ரொட்டி வாங்கப் போனால், “உங்க ஊருக்கு ரெண்டு கோல் பொட்டலம் கட்டித் தரட்டுமா?” என்பார்கள்.

ஐயா, பந்து வெளியேதான் போனது. படகிலிருந்த நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவன் உண்மையைச் சொன்னான், தண்டனையும் அவனுக்கே. இதை அப்படியே அச்சிடுங்கள். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
ஷிமே (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை அச்சிடாதீர்கள். பந்து உள்ளேதான் போனது, கம்பத்துக்கு ஒரு முழம் உள்ளே. லோவ்ரே வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான் என்றுதான் நானும் இத்தனை வருஷம் நம்பினேன். செத்தவனைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். இன்று காலை தோன்கா இதை லூச்சேக்கு வாசித்துக் காட்டினாள். லூச்சே என்னையே பார்த்தாள்.

“நிஜத்தைச் சொல்லுங்கண்ணே.”

சொன்னேன்.

“அவருக்கு இருபதடிக்கு அப்பால எல்லாமே புகைதான். கண்ணாடி போட்டா டீம்ல இருந்து எடுத்துடுவாங்கன்னு மூச்சு விடல. உங்க படகு நகர்ந்தா பந்து வெளிய, நகரலேன்னா கோல். அப்படியேதான் பதினோரு வருஷம் ஆடினாரு.”

“அன்னிக்குத்தான் வலையே இல்லையேம்மா! உள்ள போன பந்தும் கடலுக்குத்தானே வந்துச்சு, அதை எடுக்கத்தானே படகை நகர்த்தினேன்!”

“வலை போனது அவருக்குச் சாயங்காலம்தான் தெரிஞ்சது. ‘ஷிமேகிட்ட கேட்டுட்டு வா’ன்னு என்னை அனுப்பினாரு. வந்தேன். நீங்க கதவைச் சாத்திட்டீங்க.”

சாத்தினேன் ஐயா. அந்த ஊர்க்காரிக்கு என் வீட்டில் என்ன வேலை என்று சாத்தினேன். பிறகு அவனும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

ஆகவே இப்படிப் போடுங்கள்: லோவ்ரே என் படகை நம்பினான், நான் அவனை நம்பவில்லை, கோல் கோல்தான். அன்று ஆடிய இருபத்திரண்டு பேரில் இருபத்தொருவர் போய்விட்டார்கள். ஒரு பிரதியைக் கண்டிப்பாகச் சிலிக்கு அனுப்புங்கள். கேப்டன் தன்னைக் கவிழ்த்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு அந்தோஃபகாஸ்தாவில் ஒருவன் இன்னும் உயிரோடிருக்கிறான். அவன் பெயர் ஃப்ரானே.