நீர்த்தேக்கப் பூங்காவில் உன்மேல் படக்கூடியவை பற்றி

பேரன்பும் பெருஞ்சந்தேகமும் ஒருங்கே வாய்த்த என் மருமகளுக்கு,

உன் தாய்மாமன் மனமார வாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். எதிர்வீட்டில் சுவரைத் துளைக்கும் இயந்திரம் எங்களைவிடச் சௌக்கியம். நான் பல் துலக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. அங்கே உன் சௌக்கியத்தையும், உன் அம்மாவாகிவிட்ட என் தங்கையின் சௌக்கியத்தையும், உன் அப்பாவின் முதுகுவலியையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் கடிதம் கிடைத்தது. பத்து வயதுப் பெண் எழுதியது போலவே இல்லை, கோர்ட்டிலிருந்து வந்தது போல இருந்தது. "மாமா, எனக்குப் பெரிய தண்ணீரைப் பார்க்க ஆசை. ஆனால் அந்தப் பூங்காவில் என்னென்ன கேட்கும், என்னென்ன மணக்கும், எதெல்லாம் என்மேல் படும், கண் கூசுமா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதவும். ‘ஒன்றும் இருக்காது, தைரியமாக வா’ என்று எழுதினால் வரமாட்டேன்" என்று எழுதி, கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறாய். உன் அம்மாவோ போனில், "அவ சரின்னு சொன்னாத்தான்ண்ணா டிக்கெட் போடுவோம். போன தடவ மாதிரி வந்த மறுநாளே மூட்ட கட்ட என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாள். போன தடவை மாடித் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததைச் சொல்லும் கருவி அலறியதும், நீ சாப்பாட்டு மேசைக்கு அடியில் போனதும், உன்னைத் தேற்றுவதற்காக நானும் அங்கே வந்து உட்கார்ந்திருந்ததும் உனக்கு நினைவிருக்கும். அந்தக் கருவியை உனக்காகவே கழற்றிவிட்டேன். இப்போது தொட்டி நிறைந்து கொல்லைப்புறம் முழுவதும் வழிகிறது, பரவாயில்லை. உங்களுக்கென்று ஒதுக்கிய அறை இரண்டு விடுமுறையாகப் பூட்டியே கிடக்கிறது. இந்தத் தடவை நீ வந்தாக வேண்டும், பத்து நாள் இருந்தாக வேண்டும். அதற்காக எந்தப் பாடு பட்டாலும் சரி என்று முடிவு கட்டிக்கொண்டு குடையோடு கிளம்பினேன்.

முதலில் வாசல். அங்கே இரும்புக் கம்பிகள் வைத்த சுழல்கதவு ஒன்று இருக்கிறது. தள்ளினால் ‘டடக்’ என்று சொல்லும், தயங்கினால் பின்பக்கத்தில் ஒரு இடி கொடுக்கும். ஆனால் எல்லாருக்கும் அதே சத்தம்தானா, ஆளுக்குத் தக்கபடி மாறுமா என்று தெரிந்துகொள்ளாமல் உனக்கு எப்படி எழுதுவது? ஆகவே உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன், குடையை மடக்கிக்கொண்டு ஒரு தடவை, விரித்துக்கொண்டு ஒரு தடவை என்று போய்வந்ததில் விரித்த தடவை குடை கம்பியில் மாட்டிக்கொண்டது. காவலாளி ஓடிவந்து, "சார், நீங்க உள்ள போறீங்களா வெளிய வர்றீங்களா? பின்னாடி ஒரு பள்ளிக்கூடமே நிக்குது" என்றார். "இந்தச் சத்தத்தக் கொஞ்சம் பாத்துட்டுப் போறேம்ப்பா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குடையை விடுவித்து, பக்கத்திலிருந்த சாதாரணக் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவு சத்தமே போடுவதில்லை. நீ அதன் வழியாகத்தான் வரப்போகிறாய், பேசி வைத்துவிட்டேன்.

அடுத்தது மூக்கு. உள்ளே நுழைந்ததும் சோளப்பொரி வறுக்கும் வண்டியிலிருந்து வெண்ணெய் மணம் வரும். வண்டிக்காரர் மூடியைத் திறந்தால் அதிகம், மூடினால் கொஞ்சம். அதைத் தாண்டினால் தண்ணீர் மணம். தூரத்திலிருந்து பார்க்கும்போது தண்ணீருக்கு மணமே கிடையாது. படித்துறைக்கு இறங்கினால் ஈரக்கல்லும் பாசியும் துருப்பிடித்த வாளியும் கலந்த ஒரு வாடை வரும். கெட்ட வாடை என்று சொல்லமாட்டேன், ஆனால் சொல்லாமல் வந்து மூக்கில் ஏறினால் யாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும். இவை இரண்டும் போக மூன்றாவதாக இன்னொரு நெடி அன்றைக்கு இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று உனக்குச் சொல்லவேண்டுமே என்று பூங்காவின் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்துகொண்டே போனேன், ஒரு தம்பதி எழுந்து வேறு பக்கம் போனார்கள், நான் அலைந்து அலைந்து களைத்துப்போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது கண்டுபிடித்துவிட்டேன். பச்சைப் பெயிண்ட். ‘ஈரம், உட்காராதீர்’ என்ற அட்டை பெஞ்சுக்கு அடியில் விழுந்து கிடந்தது. என் சாம்பல் நிறக் கால்சட்டையில் இப்போது பச்சைக் கோடுகள் இருக்கின்றன. உன் அத்தை தையற்காரியாக இருந்தும் அதைத் தொடமாட்டேன் என்கிறாள்.

அந்தப் பெயிண்டைக் கழுவத்தான் கழிப்பறைக்குப் போனேன். மருமகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படி. அங்கே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். கை உலர்த்துவதற்காம். பார்த்தால் பரம சாதுவாக இருக்கும். கையை நீட்டவேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் முழங்கை போனால் போதும், ஆகாய விமானம் காதுக்குள் இறங்குவது போல ஒரு சத்தம் போடும். எந்த மனிதனுமே அந்தச் சத்தத்துக்குச் சற்று விரைவாகத்தான் வெளியேறுவான். நானும் விரைவாக வெளியேறினேன். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுக்கத் திரும்பிப் போகலாம் என்றால் ஒருவர் மாற்றி ஒருவர் கையை உலர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். என்ன ஊரோ, கைக்குட்டை என்ற ஒன்றையே மறந்துவிட்டார்கள். நீ கையைப் பாவாடையில் துடைத்துக்கொள். அம்மா திட்டினால் மாமா சொன்னார் என்று சொல்.

செருப்பு இல்லாததால் புல்லில் நடந்தேன். உனக்குப் புல் எப்படிப் படும் என்று எப்படியும் பார்க்கவேண்டியதுதானே. ஓரத்துப் புல் பிரஷ் மாதிரி குத்தும், நடுவிலிருப்பது மெத்தை. அந்த மெத்தையை ரசித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேனா, காலடியிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், பாம்பு என்று நினைத்துக் குதித்தேன், பார்த்தால் தண்ணீர் தெளிக்கும் குழாய். அது சுற்றிச் சுற்றி அடிக்கிறது, நான் ஓடுகிற பக்கமெல்லாம் அதுவும் திரும்புகிறது. அதிலிருந்து தப்பிக் கரைக்கு வந்தால் அங்கே ஒரு வாத்து. வெள்ளை நிறம், வாட்டசாட்டமான உடம்பு, கண்ணில் கருணையே கிடையாது. என் கால்சட்டையின் பச்சைக் கோட்டைப் புல் என்று நினைத்ததோ என்னவோ, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. நான் கௌரவமாக நடந்தேன். அது வேகமாக நடந்தது. பிறகு நடந்ததை நடை என்று சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த வாத்துக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். அது துரத்திய துரத்தலில் பம்பு அறைக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே யாரும் வருவதில்லை. தண்ணீருக்கு அருகில் ஒரு தட்டையான பாறை, அதன்மேல் மரநிழல். நிழலில் உட்கார்ந்தால் கண் கூசாது. சின்ன அலை கல்லில் வந்து ‘களக்’ என்னும், கொஞ்சம் பொறுத்து மறுபடி ‘களக்’. அதற்குமேல் எதுவும் இல்லை. நீ கேட்ட பெரிய தண்ணீர் முழுவதும் எதிரே கிடக்கும். நான் அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வெகுநாளாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்றை அவிழ்த்துவிட்டது போல இருந்தது. உனக்கு அந்த இடத்தைக் காட்டவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. என் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்த தோட்டக்காரர்தான் பேச்சோடு பேச்சாக, "புதன்கிழமை காலைல வந்துடாதீங்க சார், சங்க ஊதிப் பாப்பாங்க" என்று சொன்னார்.

சங்கு என்றால் அணையின் மதகுகளைத் திறக்கும்முன் கீழே இருப்பவர்களை எச்சரிக்க ஊதும் அபாயச் சங்கு. மழைக்காலத்தில்தான் வேலை, ஆனாலும் கெட்டுப்போகாமல் இருக்க வாரம் ஒரு நாள் ஊதிப் பார்க்கிறார்கள். இதைக் கேட்காமல் உனக்கு எழுதினால் அது பித்தலாட்டம். புதன்கிழமை உன் அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அணையின் மேல் ஏறினேன். அங்கே தண்ணீரிலிருந்து வெயில் திருப்பி அடிக்கும், கண் கூசத்தான் கூசும், தொப்பி கொண்டுவா. காற்று காதைப் பிடித்து இழுக்கும். சங்கு ஊதுபவரின் அறை மேலேயே இருக்கிறது. அவர் ஏதோ பேசிக்கொண்டே, ஒரு வார்த்தை சொல்லாமல், பொத்தானை அமுக்கிவிட்டார். சங்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஏறி ஏறி மண்டைக்குள் போய் நின்றது. அந்தச் சமயத்தில் நான் அவருடைய மேசைக்கு அடியில் தரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். சிமெண்டுத் தரை, குளிர்ச்சியாக இருக்கிறது, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

"சார், பேனா விழுந்துடுச்சா?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஆமா."

"கெடச்சுதா?"

"இன்னும் இல்ல" என்றேன். சங்கு நின்றபிறகு கிடைத்துவிட்டது.

அத்தோடு விட்டுவிடுபவனா உன் மாமன்? அடுத்த புதன்கிழமையும் போனேன். இந்தத் தடவை, "அமுக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டு அமுக்குங்க" என்று கேட்டுக்கொண்டேன். "இப்ப அமுக்கப்போறேன் சார்" என்றார். இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதே சங்கு, அதே சத்தம், ஆனால் நின்றுவிட்டேன் மருமகளே. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. இனிமேல் ஊதுவதற்கு முன்னால் ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடவேண்டும் என்று அவரைக் கேட்டேன். "சார், அபாயம்னு சொல்லத்தான் சங்கே இருக்கு. அந்தச் சங்குக்கே ஒரு அபாய அறிவிப்பா?" என்று சிரித்தார். நான் நகரவில்லை. மறுநாளும் போய் நின்றேன், அதற்கு மறுநாளும் நின்றேன். "நீங்க தெனமும் வந்து நிக்கறதுக்குத் துண்டே தேவல" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். துண்டை நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன். நாம் பாறையில் உட்கார்ந்திருந்தாலே அது தெரியும்.

ஆகவே இருப்பது எல்லாவற்றையும் இருக்கிறபடி எழுதிவிட்டேன், எதையும் ஒளிக்கவில்லை. உன் நீலக் காதுமூடியை மறக்காமல் கொண்டுவா, சின்னப் பிள்ளைகளுக்கு அது அவசியம்தான். உன் அம்மாவிடம் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல். நீ சொல்லும்வரை நான் இப்படி எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் உனக்கு என் ஆசிகளும். உன் காதுக்கு இனியதே கேட்கட்டும், காலில் மெத்தைப் புல்லே படட்டும்.

இப்படிக்கு,
சற்றும் தளராத உன் மாமன்

பின்குறிப்பு: உன் அத்தை எழுதுகிறேன். கவரை ஒட்டச் சொல்லி உன் மாமா என்னிடம் கொடுத்தார். படிக்காமல் ஒட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது.

இதைப் படித்துப் பயந்துவிடாதே கண்ணு. அந்த வாத்து நம் தலையணை அளவுகூட இருக்காது. இவர் ஓடினார், அதனால் அதுவும் ஓடியது. கை உலர்த்தும் பெட்டிக்குப் பக்கத்திலேயே காகிதம் வைத்திருக்கிறார்கள். சங்கு கொஞ்சம் சத்தம்தான், உனக்குப் பிடிக்காமலும் போகலாம், ஆனால் நீ முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் சாமர்த்தியசாலி. இவருக்கு அது வராது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தையல் மெஷினை மிதிக்கும்முன் "ஓட்டப்போறேங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் மிதிக்கிறேன். நில அளவை ஆபீஸில் எல்லாரும் காற்றோட்டமான இடம் கேட்டபோது, ஜன்னல்கூட இல்லாத வரைபட அறையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தவர் இவர். தொட்டிக் கருவியை உனக்காகக் கழற்றியதாக எழுதியிருக்கிறாரே, நீங்கள் ரயிலேறிப் போன பிறகுதான் கழற்றினார். யாருக்காக என்று நீயே யோசித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "இதெல்லாம் இப்படிக் கேக்கலாமா? எனக்கு இத்தன நாளா தெரியாமப் போச்சே" என்றார். அப்புறம்தான் குடையை எடுத்தார்.

போன தடவை தொட்டி அலறியபோது நீ மேசைக்கு அடியில் ஓடினாயே, உனக்கு முன்னாலேயே அங்கே ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அதனால் நீ கட்டாயம் வா. வரும்போது உன்னுடையது மாதிரி இன்னொரு காதுமூடி வாங்கிக்கொண்டு வா, பெரியவர்கள் அளவில். கொடுத்தால் எனக்கு எதற்கு என்பார். "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க மாமா" என்று கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இரு. திரும்பிப் பார்க்காதே. போட்டுக்கொள்வார்.