அவல் மூட்டையின் தூய நெஞ்சு

சனிக்கிழமை மாலையானால் நேபாளத்து லலித்பூரில் எங்கள் தியானக் கூடத்துக்கு வருகிறவர்கள் செருப்பைப் படிக்கட்டில் அடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கூட்டம். எக்ஸ்ரே எதற்கு, நாதமுக்த குருஜியின் பாடும் வெண்கலக் கிண்ணமே நெஞ்சைப் படித்துச் சொல்லிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. படுத்தவர் நெஞ்சுக்கு மேல் பிடித்துத் தட்டியதும் கிண்ணம் நீளமாக ரீங்கரித்தால் நெஞ்சு சுத்தம். சட்டென்று ஓசை செத்தால் உள்ளே நோய்.

தட்டியவன் நான்தான். குருஜிக்குத் தோள்வலி. அதைக் கிண்ணம் ஏன் தீர்க்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாலைக் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறவன் அல்லவா, நான் அதைவிட முக்கியமான வேலையில் இருந்தேன். நோட்டில் கோடு போட்டு, பெயர், நோய், ரீங்காரம் எத்தனை வினாடி என்று குறித்தேன். நூற்றுப் பதினேழு பேர். கிண்ணம் ஒருமுறைகூடத் தவறவில்லை. நோய் என்னவென்று வாசலில் சீட்டு எழுதி வாங்கி, குருஜி அதை என் காதில் ஓதிய பிறகுதான் தட்டுவேன் என்பதையும் அதே நோட்டில் எழுதியிருந்தேன். எழுதினேன், படிக்கவில்லை.

எங்கள் எல்லோருக்கும் தீதியான, அதாவது அக்காவான, தையல்காரி ஞானமாயாவுக்குக் காசநோய். மூன்று வாரம் அவர் நெஞ்சுக்கு மேல் கிண்ணம் செத்தது. நான்காம் வாரம் குருஜி, “இன்னைக்குத் தெளிஞ்சிருக்கும், தட்டு” என்றார். முப்பத்தெட்டு வினாடி பாடியது. “இனி மாத்திரை எதுக்கு?” என்றார் குருஜி. கூட்டம் கண்ணீர் விட்டது. நானும்தான்.

அடுத்த வாரம் சுகாதார நிலையத்து நர்ஸ் இந்திரகலா படியேறி ஞானமாயாவிடம் வந்தார்.

“தீதி, எட்டு நாளா மாத்திரைக்கு வரல. இன்னும் மூணு மாசம் பாக்கி. பாதியில விட்டா அப்புறம் இந்த மாத்திரையே கேக்காது.”

“கிண்ணம் போதும்னு சொல்லிடுச்சு, சிஸ்டர்” என்றார் ஞானமாயா.

“அது எந்த ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கு?”

குருஜி தங்கையைப் பார்ப்பதுபோலப் புன்னகைத்தார். “சந்தேகம்னா சோதிச்சுப் பாருங்க, பஹினி.”

“பாக்கலாம். தட்டுற இந்தப் பையனுக்குக் கண்ணைக் கட்டுறேன். மூணு பாய் போடுவோம். யாரும் வாயத் திறக்கக் கூடாது. ஒரு பாய்ல நீங்களே படுங்க, குருஜி. உங்களவிடச் சுத்தமான நெஞ்சு இங்க யாருக்கு இருக்கு?”

கூட்டம் கைதட்டிவிட்டது. குருஜி படுத்தே ஆகவேண்டியிருந்தது.

நர்ஸின் சால்வை என் கண்ணை இறுக்கியது. காதில் ஓத ஆளில்லை. முதல் பாயில் புஸ்புஸ்ஸென்று மூச்சு. பாவம், ஞானமாயா தீதி! தட்டினேன். செத்தது. இரண்டாவது பாயில் என்ன அமைதி! பக்குவப்பட்ட ஆத்மா, குருஜியேதான். கிண்ணம் பாடியது, பாடியது, பாடிக்கொண்டே இருந்தது. மூன்றாவதும் பாடியது.

கண்கட்டை அவிழ்த்தார்கள். முதல் பாயில் குருஜி என்னை முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் ஞானமாயா. நடுவில், தியானம் முடிந்து எல்லோரும் தின்பதற்கு வைத்திருந்த அவல் மூட்டை, போர்வை போர்த்தியபடி.

“குருஜிக்கு உடனே மாத்திரை ஆரம்பிக்கணும்” என்றார் நர்ஸ். “அவலுக்கு வேண்டாம்.”

“தானியம் சாத்விகம்! பையன் கைதான் அசுத்தம்!” என்று கத்தினார் குருஜி.

பாதிக் கூட்டம் தலையாட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆட்டத் தொடங்கினேன். அசுத்தம் எங்கே என்று கையைப் பார்த்தேன். என் கட்டைவிரல் கிண்ணத்தின் விளிம்பை ஒட்டி நின்றது.

நான் வெண்கலம் தட்டும் கன்சகார் வீட்டுப் பிள்ளை. “உள்ளங்கையில வைங்க, விளிம்பைத் தொட்டா சத்தம் செத்துடும்” என்று கடைக்கு வருகிறவர்களுக்கு நாளெல்லாம் சொல்லும் வீடு. ஊருக்குச் சொன்னது எனக்கு உறைக்கவில்லை.

“தீதி, இங்க பாருங்க” என்றேன். விளிம்பில் விரலை வைத்துத் தட்டினேன். “விரலை வெச்சா நோய்.” செத்தது. “எடுத்தா குணம்.” பாடியது.

“அப்ப என் நெஞ்சப் பத்திச் சொன்னது உன் கட்டைவிரலா?”

“ஆமா, தீதி. வேணும்னு செய்யல. குருஜி காதுல சொன்னத விரல் கேட்டுக்கிச்சு.”

“அட அறிவுகெட்டவனே! எட்டு நாள் போச்சேடா! எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லு!”

சொன்னேன். மூன்று முறை சொல்ல வைத்தார். பிறகு நர்ஸிடம் கைநீட்டி மாத்திரைகளை வாங்கினார். கிண்ணத்தை என்னிடமிருந்து பிடுங்கி, பானைத் தண்ணீரை மொண்டு, மடமடவென்று விழுங்கினார். அந்தக் கிண்ணம் ஒரு நோயாளிக்கு உதவியது அதுவே முதல் தடவை.

குருஜி இப்போது வேறு ஊரில் சங்கு ஊதிக் கண்பார்வை தருகிறாராம். போவதானால் போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால், “இது உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாராவது என்னைக் கேட்டிருந்தால் அங்கேயே திருதிருவென்று விழித்திருப்பேன். நூற்றுப் பதினேழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டதால் வந்த நோய் என்று இதுவரை எந்த நர்ஸும் எழுதி வைத்ததில்லை.