கம்ப்யூட்டருக்குக் காவல் வைத்த கதை

அரைகுறையாகப் படித்தவன் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால், வைரஸ் என்று தனியாக ஒன்று வர வேண்டியதில்லை. யாரையோ மனதில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மலையிலிருந்து போளூருக்கு இறங்கிப் போய் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். (படித்தது நாலு மாதம்தான். மீதி இரண்டு மாதம் மலைக்கு பஸ் வரவில்லை.) ஜமுனாமரத்தூரைத் தாண்டி எங்கள் ஊரில், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தது நான் ஒருவன்தான். நாலு கை மாறி வந்த பழைய பெட்டி. சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று ஊரே என்னைத் தேடி வந்ததில் என் நடையே மாறிப்போயிருந்தது.

அந்த வருஷம்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலிக்கிறது என்றார். ஜீப் பிடித்து மலையிறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் குரல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடியோவில். சாமை அடித்த களத்தில் நான் போனில் எடுத்த பதினோரு நிமிடம். அதில் அவர் பாசமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "அல்லாரும் வேல செய்றாங்கோ, நீ இன்னாடா போனத் தூக்கினு நிக்கிற?" என்று ஆரம்பித்து என் படிப்பு, என் தலைமுடி, நான் மாடு பிடிக்கிற லட்சணம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் இரண்டு முறை அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அம்மா தினமும் காட்டிலிருந்து வந்து கைகால் கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "போடுடா" என்பாள். அப்பா திட்டத் திட்ட, "வுடுய்யா, சின்னப் புள்ள" என்று திரையைப் பார்த்துப் பதில் சொல்வாள். அது முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

இந்த நேரத்தில்தான் வைரஸைப் பற்றி ஒரு பழைய பத்திரிகையில் படித்துத் தொலைத்தேன். அப்பாவை வைரஸ் தின்றுவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. நோட்டில் கோடு போட்டு ஒன்பது ஆன்டிவைரஸ்களை ஒப்பிட்டேன். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை. மூன்று வாரமாகியும் முடிவுக்கு வர முடியாமல், கடைசியில் மிஞ்சிய இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டேன்.

அடுத்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஒரே காட்டுல ரெண்டு பேரு பன்னிக் காவலுக்குப் போனா ஒருத்தன ஒருத்தன் பன்னின்னு நெனச்சினு கல்லெறிவான். ஒங்க மாமன் நெத்தியப் பாரு." மாமா நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அவள் சொன்னபடியே இந்த ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்றது, அது இதை வைரஸ் என்றது. இந்தச் சண்டையில் கம்ப்யூட்டர் முழித்துக்கொள்வதற்குள் ஒரு உலை சோறு வெந்துவிடும்.

போதாததற்கு ஃபயர்வால். அது வாசலில் நின்று, இன்டர்நெட்டுக்குப் போகிற வருகிற ஒவ்வொன்றையும் விடலாமா என்று என்னைக் கேட்கும். மூங்கில் கம்பு உச்சியில் நெட் பிடிக்கிற டாங்கிளைக் கட்டி, வருகிற கொஞ்சம் சிக்னலில் நான் எல்லாவற்றுக்கும் 'கூடாது' என்று அழுத்தினேன். (ஆன்டிவைரஸுக்கு வர வேண்டிய அப்டேட்டும் அதில் வாசலோடு திரும்பிப் போனது. அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.)

அப்படியும் மனது கேட்கவில்லை. வீடியோவை ஒரு பென்டிரைவுக்கு மாற்றினேன். காப்பி செய்யவில்லை, கட் செய்தேன். கம்ப்யூட்டரில் ஒன்று கிடந்தால் அதற்கு வைரஸ் பிடித்து இதற்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது என் கண்டுபிடிப்பு. போனோ ஏற்கெனவே கிணற்றில் விழுந்து செத்திருந்தது.

அப்பாவின் முதல் வருஷக் காரியம் வந்தது. அவர் தனியாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. வீடியோவிலிருந்து முகத்தை எடுத்துப் பெரிசு பண்ணலாம் என்று போளூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் பென்டிரைவைக் கொண்டுபோனேன். படம் நன்றாகவே வந்தது. கூடவே வைரஸும் வந்தது.

வீட்டில் பென்டிரைவைச் செருகினால், 'அப்பா' என்ற ஃபோல்டர் இருந்த இடத்தில் அதே பெயரில், மூலையில் அம்புக்குறி போட்ட ஒரு ஷார்ட்கட் மட்டும் இருந்தது. இரண்டு ஆன்டிவைரஸும் முதன்முறையாக ஒற்றுமையாகச் சிவப்பு விளக்கு காட்டின. அழித்துவிடவா என்று கேட்டன. அழி என்றேன். பென்டிரைவ் காலியாகிவிட்டது.

அம்மா வருகிற நேரம். உள்ளே பதுங்கியிருக்கிற வைரஸைத் துரத்தினால் வீடியோ திரும்பி வந்துவிடும் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ, ஃபார்மட் கொடுத்தேன். அதுவும் சுருக்கமான ஃபார்மட் இல்லை. 'குவிக்' என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, முழுசாக, சுத்தமாக. (ஃபார்மட் என்றால் என்ன என்ற பாடம், பஸ் வராத அந்த இரண்டு மாதத்தில் நடந்திருக்க வேண்டும்.)

அம்மா வந்தாள், கைகால் கழுவினாள், உட்கார்ந்தாள். "போடுடா."

சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நாளைக்கி வருமா?" என்றாள். வராது என்றேன். "சரி, அடுப்பப் பத்த வெக்கிறேன்" என்று எழுந்து போனாள். அவள் நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் போளூரில், முகத்தை மட்டும் எடுத்து வைத்திருந்த ஸ்டூடியோ கைவிரித்ததும், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த வைரஸ் எதையும் தின்னாதாம். ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதன் பெயரில் ஒரு போலியை வைக்குமாம். ஆன்டிவைரஸ் சரியாகத்தான் போலியை அழித்திருக்கிறது. அப்பா மறைந்தபடி உள்ளேயேதான் இருந்திருக்கிறார். "நீங்க ஒண்ணுமே பண்ணாம எடுத்தாந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலைங்க தம்பி" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வாந்தி வருகிறதோ என்று நினைத்து கண்டக்டர் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து எங்கள் காட்டுக்குப் பட்டா வந்தது. அக்கா அதை என்னிடம் நீட்டினாள். "அவங்கிட்ட குடுக்காத, பத்திரமா வெச்சிடுவான்" என்றாள் அம்மா. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. நகையோ, ஆதார் கார்டோ, என் மகளின் பால் பாட்டிலோ, நான் கை நீட்டினால் போதும், யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்கள். என் மனைவிகூடக் கல்யாணமான முதல் வாரமே கற்றுக்கொண்டாள். எல்லோருக்கும் முந்தி நானே சிரித்துவிடுவேன்.

போன பொங்கலுக்கும் சொல்லிச் சிரித்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவரு திட்டுனது ஒவ்வொண்ணும் ஞாபகம் கீதுடா. கொரலுதான் வர மாட்டேங்குது. ஒனக்கு இருக்குதில்ல?"

"இருக்கும்மா" என்றேன்.

"பத்திரமா வெச்சிக்கோ" என்றாள். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் குரல் மறந்து இரண்டு வருஷமாகிறது.