தெர்மகோல் காவடி

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவியைத் தனியாக உட்கார வைக்கவே கூடாது. நாம் உள்ளே மயக்கத்தில் கிடக்கும்போது, வெளியே நம் பெயரில் கடவுளிடம் என்னென்ன ஒப்பந்தம் போடுவார்கள் என்று சொல்ல முடியாது.

2003 டிசம்பர். டெல்லிக் குளிருக்கு ரஜாய்ப் போர்வை எடுக்கிறேன் பேர்வழி என்று, பரணிலிருந்த இரும்புப் பெட்டியை ஒற்றைக் கையால் இழுத்தேன். (வயது நாற்பத்தெட்டு; நினைப்பு மட்டும் இருபது.) வலது தோளில் தசைநார் கிழிந்தது. பஞ்சாபி டாக்டர் ஒருவர் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுப் பார்த்துத் தைத்தார். ஆறு மாதத்துக்கு எடை தூக்கக் கூடாது, தையல் விட்டுப்போனால் அப்புறம் கை தலைக்கு மேலே போகாது என்று இந்தியில் மிரட்டியும் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கோமதி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்களுக்கு நல்லபடியா ஆகணும்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். தைப்பூசத்துக்கு நீங்க காவடி எடுக்கணும்."

"எந்தத் தோள்ல?"

"தைச்ச தோள்லதான். இன்னொரு தோள்ல எடுத்தா அது என்ன வேண்டுதல்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் அந்தக் கை கழுத்துத் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன், மொட்டை போடுறேன்னு வேண்டியிருக்கக் கூடாதா?"

"உங்களுக்கு அங்க என்ன இருக்கு?"

கடைசியில் சமரசம். காலனியில் கொலு மேடை அலங்கரிப்பவரைப் பிடித்து, தெர்மகோலில் காவடி செய்தோம். பூவைவிட லேசு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று கோயில் ஊர்வலத்தில் போகும்போது நடுரோட்டில் காற்று அடித்தது. லேசான காவடி தோளைவிட்டுக் கிளம்பியது. நான் எல்லாவற்றையும் மறந்து, தூளியிலிருந்து வலது கையை உருவி எட்டிப் பிடித்தேன்.

"ஐயோ! அம்மா!"

"சாருக்கு அருள் வந்துடுச்சு!" என்று பின்னாலிருந்தவர் கத்தினார். மேளம் இரண்டு மடங்கானது. வலியில் நான் துள்ளத் துள்ள, "அரோகரா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ என் காலில் வேறு விழுந்தார்.

ஊர்வலத்தால் நின்றுபோன வண்டிகளில் ஒன்றின் கண்ணாடி இறங்கியது. உள்ளே என் டாக்டர்.

"சங்கரன் சாப்! யே க்யா கர் ரஹே ஹோ?" என்ன பண்ணுகிறீர்கள் என்று அலறினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி ஓடிப்போய் அவர் நெற்றி நிறைய விபூதி பூசி, "பிரசாத், டாக்டர் சாப்!" என்றாள். மனுஷன் தும்மிக்கொண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மறுநாள் ஸ்கேன். நல்லவேளை, தையல் தப்பியது. அடுத்த சில வருடங்களுக்கு டாக்டர் என்னை விடாமல் கூப்பிட்டு, "அரோகரா போலோ!" என்று அரோகரா சொல்லச் சொல்லிக் கையைத் தூக்கவைத்துப் பரிசோதித்தார். கை முழுசாக மேலே போனது. அவர் தன் கைராசி என்றார். கோமதி முருகன் என்றாள். பாத்ரூம் சுவரில் தினமும் விரலை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்த என்னை ஒரு ஜீவனும் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கும் நான் வீட்டில் கொஞ்சம் குரல் உயர்த்தினால், "அப்பாவுக்கு அருள் வந்துடுச்சு" என்று பிள்ளைகள் தட்டை எடுத்துத் தாளம் போடுகிறார்கள்.

போன மாதம் கோமதிக்கு முழங்கால் ஆபரேஷன். அதே மாதிரி வராந்தா. இந்த முறை நான் வெளியே. கதவு மூடியதும் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இரண்டு கைகளும் தானாகத் தலைக்கு மேலே போய்க் குவிந்தன. வலது தோள் துளிக்கூட வலிக்கவில்லை.

"முருகா, இவ நல்லபடியா எழுந்து வரட்டும். பழனிமலைப் படி அத்தனையும் ஏறி வந்து உன்னைப் பார்ப்பா."

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.