கேள்விக்குறிகளுக்கு வைத்த ஒப்பாரி

பதற்றம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் வேலை செய்யும். மூளை ஹாலிஎலயில் பஸ் ஏறி, ஆறுதலாகத்தான் பதுளைக்கு வந்து சேரும்.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் மரண அறிவித்தல்களுக்காக ஓர் இணையத்தளம் நடத்துகிறேன். அதன் சர்வர் சிங்கப்பூரில். பதுளையில் என் கடையில் உட்கார்ந்தபடியே அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பேன்.

ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டமொன்றில் மாரிமுத்து ஐயா காலமானார். மகன் ராசு அழைத்தான். "அண்ணே, செல்வி அக்காவுக்குக் குவைத்துல லீவு கெடைக்கல. அப்பாவத் தூக்குறதுக்குள்ள அதுல பேரையும் படத்தையும் பாத்துரணும்னு அழுவுது."

ஏற்றினேன். சரியாக விழுந்ததா என்று சர்வருக்குள் எட்டிப் பார்த்தேன். ஐயாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். பழைய அறிவித்தல்களைத் திறந்தேன். இறந்தவர்கள் எல்லோருமே கேள்விக்குறிகள். என் அப்பாவும்தான்.

(முதல்நாள்தான் தமிழ்ப்பற்று பொங்கி, மடிக்கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தேன். இணையும்போது அந்த அமைப்பும் கூடவே சர்வருக்குப் போகும். அங்கே தமிழ் போட்டிருக்கவில்லை. தெரியாத மொழியைக் கேட்டால் அது ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் எனக்குக் கேள்விக்குறியாகக் காட்டும். இது எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் மூளை இன்னும் பஸ்ஸில்.)

ராசுவை அழைத்தேன். பேச வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அவன் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தான்.

சாவு வீட்டுக்கு யார் அழுதுகொண்டு வந்தாலும் பெண்கள் கூடச் சேர்ந்து அழவேண்டும். போனில் வந்தாலும் வழக்கம் அதுதான் போலும். அப்போதுதான் ஓய்ந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தவர்கள், கோப்பைகளை வைத்துவிட்டு மறுபடி ஒப்பாரி எடுத்தார்கள். "பேரு அழிஞ்சிருச்சுடா!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்டது? வெளியே தப்பு மேளமும் முழங்கத் தொடங்கியது.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் குவைத்திலிருந்து செல்வி.

"அண்ணே, அப்பா பேரு, படம் எல்லாம் நல்லா வந்திருக்கு. கும்புட்டுக்கிட்டேன்."

"கேள்விக்குறியா இல்லியாம்மா?"

"இல்லண்ணே, தமிழ்லதான் இருக்கு. நீங்க அழுவுறதா ராசு சொன்னான். அழாதீங்கண்ணே, கொஞ்சம் தண்ணி குடிங்க."

தகப்பனைப் பறிகொடுத்தவள் அவள். தண்ணீர் குடித்தவன் நான்.

மடிக்கணினியின் மொழியைப் பழையபடி மாற்றிவிட்டு மறுபடி இணைந்தேன். எல்லோரும் அவரவர் பெயரோடு இருந்தார்கள். அப்பாவின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் அந்தத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், அழுது ஓய்ந்த பெண்கள் ராசுவிடம்தான் கேட்பார்களாம்:

"பதுளை அண்ணன் போன்ல அழுதாச்சா? இல்லாட்டி தேத்தண்ணிய இப்ப ஊத்தாதீங்க, ஆறிப்போயிரும்."