முப்பத்தொன்பது கட்டங்கள் குறித்துச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பது கடிதத்துக்கு உரிய மரியாதைக்காக எழுதியது. முப்பத்தொரு வருஷம் கிடங்கு கிடங்காகப் போய்ச் சரக்குச் சரிபார்த்தவன் நான். கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு எண்ணாத எதையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை என்பது தங்களுக்கே தெரியும்.

நாம் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று, நில அளவையரான தாங்கள் கைப்பட வரைந்து கொடுத்த வழிப்படத்தை நம்பிப் புறப்பட்ட என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு சிமெண்ட் கிடங்கு வாசலில் போய் இறங்கியதையும், அந்தக் கோபத்தில் நான் மண்டபத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக எண்ணி, தாங்கள் சொன்ன கணக்கில் நாற்பது குறைகிறது என்று மைக்கில் அறிவித்ததையும் இப்போது கிளற எனக்கு விருப்பமில்லை. பேசுவதில்லை என்றுதான் நமக்குள் இருக்கிறதே தவிர எழுதுவதில்லை என்று இல்லை, ஆகவே எழுதுகிறேன். அதுவும் தபாலில் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வழியாக அனுப்பினால் என் மாப்பிள்ளை, அதாவது தங்கள் திருமகன், தங்களுக்கு முன்னால் படித்துவிடுவார்.

விஷயம் நம் போரைப் பற்றியது. நம் பிள்ளைகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு யார் பெயர் வைப்பது என்று இரண்டு வீட்டிலும் முட்டிக்கொண்டபோது, நமக்கு இருக்கிற ஒரே பொதுப் பழக்கமான அந்தப் பழைய ராஜா காலத்துப் போர் விளையாட்டில் மோதித் தீர்த்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டோம். குழந்தை பிறப்பதற்குள் எவர் கொடி எதிராளியின் தலைநகரில் ஏறுகிறதோ அவர் வைத்ததே பெயர். நான் ஒரு முறை ஆடி ஃபைலை அனுப்புவேன், தாங்கள் ஒரு முறை ஆடித் திருப்பி அனுப்புவீர்கள். இரண்டு பேருக்கும் ஃபைல் அனுப்பத் தெரியாததால் அது என் மகள் கை வழியாகத்தான் போய்வருகிறது. பாஸ்வேர்டு இரண்டையும் அவளே போட்டுக் கொடுத்தாள். அவள் ஒருத்தி நடுவில் இல்லாவிட்டால் இந்தப் போர் நேர்மையாக நடக்க வழியே இல்லை.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தங்கள் வடக்குக் கோட்டையை நான் நெருங்கிய வாரத்தில் என் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. வயதாகிவிட்டது என்றார் மாப்பிள்ளை. சரி, எனக்கும்தான் வயதாகிவிட்டது, நான் விட்டேனா? ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுப் பெட்டியோடு வந்து மேசையில் வைத்தார். திறந்தால் ஒரு பென்குயின் நிற்கிறது. பறக்கத் தெரியாத ஒன்றை அடையாளமாக வைத்திருக்கிறார்களே என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "மாமா, இது வேற ஆபரேட்டிங் சிஸ்டம். வைரஸ் தொல்லை இல்ல, வேகமா இருக்கும்"னார். "நம்ம விளையாட்டு இதுல ஓடுமா?"ன்னு கேட்டேன். "இதுக்காகச் செஞ்ச விளையாட்டு இல்ல மாமா, ஆனா ஓட வச்சிடலாம். நடுவுல ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். விளையாட்டு எதைக் கேட்டாலும், நீ உன் பழைய வீட்டுலதான் இருக்கேன்னு அது சொல்லிடும். விளையாட்டும் நம்பி ஓடும்"னார், ஏதோ பெரிய நல்ல காரியம் செய்துவிட்டவர்போல. சம்பந்தி, தாங்களே நியாயம் சொல்லுங்கள். இருபது வருஷமாக ஒழுங்காக வேலை செய்த ஒரு விளையாட்டிடம் வாய்கூசாமல் பொய் சொல்கிற ஓர் ஆள், என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லுவான் என்று நான் எதைவைத்து நம்புவது? இப்படி ஒருத்தனை என் கிடங்கு வாசலில் நான் நிற்கவே விட்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கே ஆரம்பித்தது. முதல் நாள் என் ராஜ்யம் முழுவதும் திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி பிடித்துக்கொண்டு ஆட்சி செய்தேன். மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன், அவர் சொன்னதை அழுத்தினேன், மறுநாள் திரை முழுக்க விரிந்தது, என் வீரர்கள் எல்லாரும் பக்கவாட்டில் ஊதிப்போய் நின்றார்கள். குதிரை ஓடி முடித்து நின்ற பிறகு குளம்புச் சத்தம் வருகிறது. தங்கள் வடக்குக் கோட்டைக் கதவை உடைக்க நான் உத்தரவு கொடுத்தால் உடனே எல்லாம் உறைந்துவிடுகிறது, மவுஸ்கூட அசைவதில்லை. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. நான் தானியக் கிடங்கு கட்டினால் உறைவதில்லை, வாய்க்கால் வெட்டினால் உறைவதில்லை, தங்கள் கதவைத் தொட்டால் மட்டும்தான் உறைகிறது. கேட்டால், "அந்தக் கதவு உடையற படத்துக்கு ஒரு ஃபைல் குறையுது மாமா" என்கிறார். அது எப்படி ஐயா, இத்தனை ஆயிரம் ஃபைலில் உங்க அப்பா வீட்டுக் கதவு ஃபைல் மட்டும் குறையும் என்று அவரையே கேட்டேன்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்று வாரத்துக்கு முன்பு, தங்கள் கோட்டை வாசலில் நான் நிறுத்திவைத்த இருநூறு குதிரை வீரர்கள், தங்கள் முறை முடிந்து ஃபைல் திரும்பி வந்தபோது வாசலில் இல்லை. தேடினால் என் ஊர்க் குளக்கரையில் வரிசையாக நின்று குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படி உத்தரவே போடவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, "இந்த மேசையைத் துடைக்கும்போது எதையாவது அழுத்தினியா?"ன்னு விசாரித்தேன். "நாப்பது வருஷமா உங்க சட்டைப் பையைத்தான் சோதிச்சதில்ல, உங்க குதிரையைப் போய் நான் ஏங்க தொடப்போறேன்?" என்று கேட்டுவிட்டு அன்று சாயங்காலக் காப்பியை நிறுத்திவிட்டாள். விசாரணை முறை தவறிவிட்டதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு தொழில் வழியில் இறங்கினேன். கிடங்கைப் பூட்டும்போது கதவிடுக்கில் ஒரு நூலை வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். காலையில் நூல் விழுந்திருந்தால் எவனோ உள்ளே போயிருக்கிறான். அதேபோல ஆற்றுத்துறையில் ஒரு காலி மாட்டுவண்டியை மேற்குப் பார்த்து நிறுத்திவிட்டு, காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, மனைவியிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினேன். (கையெழுத்தைப் போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.) ஃபைல் திரும்பி வந்தது. வண்டி கிழக்குப் பார்த்து நிற்கிறது! சம்பந்தி, காகிதத்தை எடுத்து இன்னொரு தடவை சரிபார்த்தேன். யாரோ என் ராஜ்யத்துக்குள் வந்து போகிறார்கள். என் பேரக்குழந்தையின் பெயரை என்னிடமிருந்து தட்டிப்பறிக்கப் பார்க்கிறார்கள். ஒரே மகள், அவளுக்கு முதல் குழந்தை, இதில்கூட நான் ஏமாந்தால் அப்புறம் என்ன பிழைப்பு?

பெட்டியிலிருந்து தங்கள் வீட்டுப் பக்கமாக ஏதாவது வயர் போகிறதா என்று பார்க்க மேசைக்கு அடியில் ஊர்ந்து போனேன். வயர் எதுவும் போகவில்லை. வெளியே வரும்போது மேசைக்கால் என் முழங்காலில் இடித்து, அது பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மாப்பிள்ளை வந்து களிம்பு போட்டுவிட்டார். போட்டுவிட்டு நேராகத் தங்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறார் என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த முறை தங்கள் தூதுவர் வந்தார். இந்த விளையாட்டில் தூதுவர் கையில் ஒரு ஓலை வரும், அதில் எதிராளி எழுதியது இருக்கும். ஆறு மாதத்தில் தாங்கள் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது ஓலையைத் திறந்தால் எழுத்தே இல்லை, வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறது. காகிதத்தில் வரைந்து எண்ணினேன். முதலில் இருபத்தைந்து கட்டம், ஒரு கேள்விக்குறி. பிறகு பதினாலு கட்டம், இன்னொரு கேள்விக்குறி. மொத்தம் முப்பத்தொன்பது. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். ஒருவன் விழுந்து கிடக்கிற நேரம் பார்த்து எதிரி இரண்டு கேள்வி கேட்கிறான் என்றால் அது என்ன கேள்வியாக இருக்கும்? தோல்வியை ஒப்புக்கொள்கிறாயா? எப்போது ஒப்புக்கொள்கிறாய்? வேறென்ன! நான் பதில் எழுதவில்லை. பன்னிரண்டு கல்லெறி வண்டிகளை அனுப்பித் தங்கள் தெற்கு மதிலை இடித்தேன். தாங்களும் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

ஆகவே என் முடிவைத் தெரிவிக்கிறேன். பென்குயின் இல்லாத ஒரு பொதுப் பெட்டியில், பொது இடத்தில், இரு தரப்பும் நேரில் உட்கார்ந்து, குதிரை, வண்டி, மதில் அனைத்தையும் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். நாலு நாளைக்குள் பதில் வராவிட்டால் தாங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, குழந்தையின் பெயரை நானே அறிவிப்பேன். மைக் தேவையில்லை, என் குரலே போதும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், ஒரு பங்கு குறைத்துக்கொண்டு. தங்களுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும், போர் முடிந்த பிறகு.

இப்படிக்கு,
தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தை முழுக்கப் படித்தாள். நடுவில் இரண்டு தடவை சிரித்தாள். படித்து முடித்து, "அப்பா, குதிரையைக் குளத்துக்கு ஓட்டினது நான்தான்"னாள். தங்கள் படையையும் இரண்டு தடவை அவளே பின்னால் இழுத்துவிட்டாளாம். "குழந்தை பிறக்கறவரைக்கும் ரெண்டு பேர்ல யாரும் ஜெயிக்காம பார்த்துக்கிட்டேன்பா. இந்தச் சண்டை ஓயற அன்னிக்கு உங்களுக்குள்ள வேற என்ன இருக்கு? பேரை நாங்க எப்பவோ முடிவு பண்ணியாச்சு." சரி, வண்டியை ஏன் திருப்பினாய் என்றேன். "வண்டியை நான் தொடவே இல்ல. உங்க பொண்ணு நான், நீங்க எங்கயாவது அடையாளம் வச்சிருப்பீங்கன்னு தெரியாதா?"ன்னு தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அதில் பழைய சிஸ்டம் இருக்கிறது, வண்டி மேற்குப் பார்த்தே நிற்கிறது. என் பெட்டியில் பொய் சொல்கிற அந்த நடு ஆள், அதாவது அந்தப் புரோகிராம், வண்டிப் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறான். முப்பத்தொரு வருஷத்தில், பொய்ச் சாட்சியை வைத்து உண்மைக் களவைப் பிடித்தது இதுவே முதல் தடவை.

அப்படியே தங்கள் ஓலையையும் அவள் பெட்டியில் திறக்கச் சொன்னேன். அதில் கட்டம் இல்லை, எழுத்து இருந்தது. என் பெட்டி கொம்பு, கால், புள்ளிக்கெல்லாம்கூடத் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறது. "முழங்கால் எப்படி இருக்கிறது? நேரில் வரட்டுமா?"

சம்பந்தி, அதற்கு நான் பன்னிரண்டு கல்லெறி வண்டி அனுப்பியிருக்கிறேன். எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். முழங்கால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வழிப்படம் எதுவும் வரையவேண்டாம், தெருமுனையில் நானே வந்து நிற்கிறேன். வீட்டு நாற்காலிகளை இப்போதுதான் எண்ணினேன். ஒன்று அதிகமாகவே இருக்கிறது.