இடுப்பளவும் ஒரு ரசிகரும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்று வந்தது கோபம். புது பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. கீழ்வீட்டுத் தையற்காரம்மா அளவெடுத்தபோது வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தான். அதை வசதியாக மறந்துவிட்டார்.

நேரில் கேட்கத் துணிவில்லை. குடியிருப்புக்காரர்களின் இணையப் பக்கத்தில் 'நீதிமான்' என்ற முகமில்லாத கணக்கைத் தொடங்கி, அந்த அம்மா துணி திருடுகிறார் என்று எழுதிவிட்டார்.

உடனே 'கார்மேகம்' என்றொரு ரசிகர் முளைத்தார். அவருக்கும் முகமில்லை. "துணிச்சலான ஆள் ஐயா நீங்கள். ஆதாரப் படம் உண்டா?" என்று கேட்டார். இருபது வருடத் தாம்பத்தியத்தில் காதில் விழாத பாராட்டு. நீதிமான் உருகிப்போய், பேன்ட்டைக் கட்டிலில் விரித்துப் படமெடுத்துப் போட்டார்.

ஒரே வாரத்தில் கீழே தையல் மெஷின் சத்தம் அடங்கிப்போனது.

"அந்தம்மா கடையை மூடிட்டு மக வீட்டுக்கே போறாங்களாம். எவனோ முகத்தைக் காட்டாம எழுதிட்டான்," என்றாள் மனைவி, சோறு போட்டபடி.

"சாப்பிடும்போது எதுக்கும்மா அது?"

பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினார். வெட்கமாகத்தான் இருந்தது. பயம் அதைவிட ஒரு பிடி அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை கார்மேகம் மறுபடி எழுதினார். படத்தில், பேன்ட்டுக்கு அடியிலிருக்கும் கட்டில் விரிப்பில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு தெரிகிறதாம். எல்லா வீட்டு விரிப்பையும் மொட்டைமாடியில் காயப்போட்டால் நீதிமான் அகப்படுவாராம்.

ஊருக்கெல்லாம் பார்வை சோதிப்பவரின் கண்ணில் அந்தத் தழும்பு அப்போதுதான் பட்டது. மனைவியோ விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள், துவைக்கப் போகிறாளாம். ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

தையற்காரம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதினது நான்தாம்மா. நீங்க திருடல. நான்தான் வயித்தை எக்கினேன்."

"மூச்சு விடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேனே சார்." அந்த அம்மா பெட்டியைக் கீழே வைத்தார். "எழுதின எடத்துலயே, உங்க பேர்ல எழுதுங்க."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். சொந்தப் பெயர், சொந்த முகம், எக்காத வயிறு, எல்லாம் போட்டார். சாயங்காலம் கடை முடிந்து வந்தபோது இரண்டு பெண்கள் துணி மூட்டையோடு கீழ்வீட்டில் நின்றார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேன்ட் இடுப்பில் ஏறியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். அப்படியே படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

போன் சிணுங்கியது. கார்மேகம்தான்.

"இப்பதான் நல்ல மனுஷன். மேல வாங்க, காபி ஆறுது. வரும்போது மாடில காயற விரிப்பையும் எடுத்துட்டு வாங்க."